செயலாளரின் ஆண்டறிக்கை 2025: சேப்பாக்கமா, புறநகரா?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பேரவைக்கு வருகை தந்திருக்கும் மூத்தோரே, சகோதர சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம்.

திருவல்லிக்கேணி, சேப்பாக்கம் பகுதிகளில் குடியிருப்போரும் கடை வைத்திருப்போரும் சேர்ந்து நடத்திவரும் நம் சங்கத்தின் 2025-ஆம் ஆண்டு அறிக்கையைப் பேரவையின் முன் வைக்கிறேன். வழக்கமான பணிகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கழிவுநீர் அடைப்பு, எரியாத தெருவிளக்கு, மழைக்கு முன் வடிகால் தூர்வாருதல் ஆகியவை குறித்த மனுக்கள் உரிய இடங்களில் கொடுக்கப்பட்டன; சில நிறைவேறின, சில அடுத்த செயற்குழுவின் கைக்குப் போகின்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். இந்த ஆண்டில் சங்கத்தின் நேரத்தையும், உறுப்பினர்கள் சிலரின் பொறுமையையும் பெரிதும் எடுத்துக்கொண்டது ஒரே பொருள்தான். ஐபிஎல் கிரிக்கெட்டின் சென்னை அணி தொடர்ந்து சேப்பாக்கம் மைதானத்திலேயே ஆட வேண்டுமா, ஊருக்கு வெளியே புதிதாக ஓர் அரங்கம் கட்டி அங்கே போக வேண்டுமா, எங்கே ஆடினாலும் மைதானத்துக்கென்று செலவிடும் பணம் முதலில் எதற்குப் போக வேண்டும் என்ற கேள்வியே அது. ஆகவே இந்த அறிக்கையும் பெரும்பாலும் அதைப் பற்றியதாகவே இருக்கும்.

இந்தப் பேச்சு நம் தெருக்களில் எப்போதும் உண்டு என்றாலும், அதைச் சங்கத்தின் மேசைக்குக் கொண்டுவந்தது பெங்களூரில் நடந்த துயரம். ஜூன் 3-ஆம் தேதி அகமதாபாத்தில் பெங்களூரு அணி முதன்முறையாக ஐபிஎல் கோப்பையை வென்றது. மறுநாள் அந்த வெற்றியைக் கொண்டாடச் சின்னசாமி மைதானத்தின் வாயில்களில் முண்டியடித்த கூட்டத்தில் சிக்கி 11 பேர் உயிரிழந்தனர். சுமார் 35,000 பேர் அமரக்கூடிய ஒரு மைதானத்தைச் சுற்றி இலட்சக்கணக்கானோர் திரண்டிருந்தனர். இறந்தவர்கள் பார்வையாளர் மாடம் இடிந்து விழுந்ததாலோ விளக்குக் கம்பம் சாய்ந்ததாலோ இறக்கவில்லை. உள்ளே போகும் வாசலுக்கும் தெருவுக்கும் இடையே இருந்த சில அடி தூரத்தில் நசுங்கி இறந்தார்கள். பெல்ஸ் சாலையிலும் வாலாஜா சாலையிலும் வாழ்கிறவர்களுக்கு அந்தச் சில அடி தூரம் எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை. உறுப்பினர்கள் பலர் எழுத்து மூலம் கேட்டுக்கொண்டதன் பேரில், சங்க விதிப்படி சிறப்புப் பொதுக்கூட்டம் கூட்டப்பட்டது.

கூட்டம் நீண்டது. ஒரு பொருளுக்காக நம் சங்கக் கூட்டம் இவ்வளவு நிறைந்து நான் பார்த்ததில்லை. நாற்காலிகள் போதாமல் பக்கத்துக் கல்யாண மண்டபத்திலிருந்து இரவல் வாங்க வேண்டியிருந்தது. மைதானத்தை வெளியே அனுப்ப வேண்டும் என்ற தரப்பைத் தொடங்கிவைத்தவர் மேன்ஷன் எனப்படும் தங்கும் விடுதி நடத்தும் மூத்த உறுப்பினர். அனுப்பவே கூடாது என்றவர்களில் முதலில் பேசியவர், ஆட்ட நாட்களில் மஞ்சள் பனியனும் விசிலும் விற்கும் இளைஞர். இருவரும் ஒரே தெருவில் எதிரெதிரே இருப்பவர்கள் என்பதால் சூடு கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

மேன்ஷன்காரர் ஐயாவின் வாதத்தைச் சுருக்கி எழுதுகிறேன். அவர் இங்கே இருப்பதால் பிழையிருந்தால் திருத்தட்டும். இந்த மைதானம் 1916-இல் அமைந்தபோது சுற்றிலும் இருந்த ஊர் வேறு. இன்று பக்கிங்காம் கால்வாய் ஒரு புறமும், நெரிந்து நிற்கும் தெருக்கள் மறுபுறமுமாக மூச்சுவிட இடமில்லாமல் அது நிற்கிறது. ஆட்டம் நடக்கும் நாளில் மதியத்திலிருந்தே தடுப்புக் கம்பிகள் வந்துவிடுகின்றன. தன் வீட்டுக்குப் போகவே அடையாள அட்டையைக் காட்ட வேண்டியிருக்கிறது. இரவு 11 மணிக்கு மேல் கூட்டம் கலையும்போது வாசலில் நிறுத்திய இருசக்கர வாகனத்தைக் கூட நகர்த்த முடிவதில்லை. நிலமோ அரசுக்குச் சொந்தமானது, தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்திடம் குத்தகைக்கு இருப்பது. ஆகவே மாற்றிடம் கொடுத்துவிட்டு இந்த இடத்தை ஊருக்குப் பயன்படும் வேறொன்றாக ஆக்க அரசுக்கு வழியிருக்கிறது. செம்மஞ்சேரியில் உலகத்தரமான விளையாட்டு நகரம் அமைக்கப்போவதாக மாநில அரசே அறிவித்திருக்கும்போது சென்னை அணியும் அங்கே போவதுதானே முறை என்று அவர் கேட்டார். கர்நாடக அரசு பெங்களூருக்கு வெளியே பொம்மசந்திரா பக்கம் சூர்யாநகரில் 80,000 பேர் அமரும் அரங்கத்துக்குத் திட்டமிட்டிருப்பதையும் எடுத்துக்காட்டினார்.

இதற்குப் பதிலாக எழுந்த பேச்சுகளில் மிகவும் பயன்பட்டது, ரயில்வேயில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எடுத்துச்சொன்ன வரலாறு. மைதானத்தை மாற்றுவது சென்னைக்குப் புதிதல்ல என்பதை நம்மில் பலர் மறந்திருந்தோம். 1934 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் முதல் டெஸ்ட் ஆட்டம் நடந்தது. அதே ஆண்டு நவம்பரில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமும் மெட்ராஸ், மைசூர் அணிகளுக்கு இடையே இங்கேதான் நடந்து ஒரே நாளில் முடிந்தது. 1952-இல் விஜய் ஹசாரே தலைமையில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும், வினு மன்கட் ஓர் இன்னிங்ஸில் 55 ரன்னுக்கு 8 விக்கெட் எடுத்ததும் இதே மண்ணில்தான். ஆனால் 1956-இலிருந்து 1965 வரை சென்னையின் டெஸ்ட் ஆட்டங்கள் ஒன்பதும் பெரியமேடு பக்கம் இருந்த மாநகராட்சி ஸ்டேடியத்தில் நடந்தன. மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்ததும், அந்தச் சாதனை 2008 வரை உலகில் யாராலும் முறியடிக்கப்படாமல் நின்றதும் அந்த மைதானத்தின் கதை. 1967 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகள் அணி வந்தபோது டெஸ்ட் மறுபடியும் சேப்பாக்கம் வந்துசேர்ந்தது. இந்தியாவின் பரூக் இன்ஜினியர் முதல் நாள் உணவு இடைவேளைக்கு முன்பே 94 ரன் அடித்ததைப் பெரியவர் சிறுவனாக நேரில் பார்த்தவர் என்பதால், தலைவர் இருமுறை மணியடித்த பிறகே உட்கார்ந்தார்.

அவர் சொல்ல வந்தது இதுதான். அந்த இரண்டு மைதானங்களுமே நகரத்தின் நடுவே இருந்தன. ஒன்றுக்குச் சென்ட்ரல், இன்னொன்றுக்கு மவுண்ட் ரோடு. எங்கே மாற்றினாலும் பேருந்திலோ ரயிலிலோ வந்து இறங்கி நடந்துபோகிற தூரத்தில் இருந்ததால் கூட்டம் அறுபடவில்லை. மாநகராட்சி ஸ்டேடியம் இருந்த இடத்தில்தான் பின்னர் 1993-இல் இன்றைய ஜவகர்லால் நேரு விளையாட்டரங்கம் எழுந்தது. கால்பந்துக்குச் சென்னையின் எஃப்சி அணி வந்ததும் அதுவே அதன் சொந்த மைதானம் ஆனது. கிரிக்கெட் போனதால் அந்த இடம் பாழாகவில்லை, காரணம் அது ஊருக்குள் இருக்கிறது.

ஊருக்கு வெளியே போனவர்களின் அனுபவமும் பேசப்பட்டது. நாக்பூர், நகருக்குள் இருந்த பழைய மைதானத்தை விட்டு 2008-இல் ஜாம்தாவுக்குப் போனது. வசதியான, பெரிய அரங்கம்தான், ஆனால் டெஸ்ட் நாட்களில் அங்கே தெரிந்தது காலி இருக்கைகள். புனேயின் மைதானம் விரைவுச்சாலை ஓரமாகக் ககுஞ்சேயில் இருக்கிறது. கார் உள்ளவர்களுக்கு அது பொருந்தலாம். மும்பையில் நடந்ததோ நேர்மாறு. பிராபோர்ன் மைதானத்தை நடத்திய கிளப்புக்கும் மும்பை கிரிக்கெட் சங்கத்துக்கும் டிக்கெட் பங்கீட்டில் ஒத்துப்போகாததால், நடந்துபோகிற தூரத்திலேயே இன்னொரு மைதானம் எழுந்து 1975 ஜனவரியில் வான்கடேயில் முதல் டெஸ்ட் நடந்தது. இரண்டு அமைப்புகளின் சண்டைக்கு ஒரு முழு அரங்கத்தின் செலவு. ஆனாலும் சர்ச்கேட்டில் இறங்கி நடக்கும் பார்வையாளருக்கு ஒரு குறையும் நேரவில்லை. ஆக, கட்டடத்தின் வயதைவிட வழியின் தூரமே பெரிது என்பது என் கருத்து. இதைச் செயலாளரின் சொந்தக் கருத்தாகவே பதிவு செய்கிறேன்.

செம்மஞ்சேரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பழைய மகாபலிபுரம் சாலை வழியே சிறுசேரி வரை போகும் மெட்ரோ தடம் இன்னும் கட்டுமானத்தில் இருக்கிறது. அது ஓடத் தொடங்கும்வரை அங்கே நடக்கும் ஒவ்வோர் ஆட்டமும் அந்தச் சாலையின் நெரிசலோடு நெரிசலாகச் சேரும். அதைவிட முக்கியமானது நிலம்: பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையும் அதன் நீர்ப்போக்கையும் ஒட்டிய பகுதி அது, 2015 பெருமழையில் மூழ்கிய இடம். அந்த ஆண்டு வெள்ளத்தால் சென்னையின் கால்பந்து அணியே தன் அரையிறுதி உள்ளூர் ஆட்டத்தைப் புனேயில் ஆட நேர்ந்தது என்பதைக் கால்பந்து ஆர்வமுள்ள நம் இளைஞர்கள் நினைவூட்டினார்கள். விளையாட்டு நகரம் வரட்டும், அதில் ஓடுதளமும் நீச்சல் குளமும் பயிற்சிக் கூடமும் அமையட்டும். சென்னையின் முதன்மை அணியை அங்கே கொண்டுபோய் உட்காரவைக்க அது காரணம் ஆகாது.

சேப்பாக்கத்தில் போட்ட பணம் எப்படிப் போனது என்பதைப் பார்ப்போம். இதைப் பேசாமல் மைதானத்துக்கு வக்காலத்து வாங்குவது நேர்மையாகாது. 2011 உலகக் கோப்பையை ஒட்டிச் சுமார் 175 கோடி ரூபாய் செலவில் மைதானம் புதுப்பிக்கப்பட்டது. கடற்காற்று உள்ளே புகும்படி வெண்ணிறக் கூடாரக் கூரைகளோடு ஐ, ஜே, கே என்ற மூன்று மாடங்களும் எழுந்தன. பார்க்க அழகுதான். ஆனால் அவற்றுக்கும் அருகிலிருந்த மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் இடையே விதிப்படி விடவேண்டிய இடைவெளி இல்லாததால், சுமார் 12,000 இருக்கைகள் கொண்ட அந்த மூன்று மாடங்களும் சீல் வைக்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் வெறிச்சோடிக் கிடந்தன. பந்து அந்தப் பக்கம் பறந்தால் எடுத்துப்போட ஆளில்லாத காட்சியைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. அந்தச் சிக்கலால் 2014-இல் சென்னை அணியின் உள்ளூர் ஆட்டங்கள் ராஞ்சிக்குப் போயின. 2019-இல் சென்னைக்கு ஒதுக்கப்பட்டிருந்த ஐபிஎல் இறுதியாட்டம் ஹைதராபாத்துக்குப் போனது. கடைசியில் அந்தக் கூடம் இடிக்கப்பட்ட பிறகுதான் வழி பிறந்தது. 2021 பிப்ரவரியில் இங்கிலாந்துக்கு எதிரான இரண்டாவது டெஸ்டில், கொரோனாக் கட்டுப்பாட்டால் பாதிக் கூட்டமே அனுமதிக்கப்பட்ட நிலையில், அந்த மாடங்களில் மறுபடியும் ஆட்கள் அமர்ந்தார்கள்.

கூட்டத்தில் சிலர் இதை அதிகாரிகளின் பிடிவாதம் என்றார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. தீ பிடித்தால் வண்டி உள்ளே வரவும், கூட்டம் தெறித்து ஓடினால் வெளியேறவும் விடப்படும் இடம்தான் அந்த இடைவெளி. கோடிக்கணக்கில் கூரை போட்டவர்கள் சில மீட்டர் தரையை முதலில் உறுதிசெய்யாமல் விட்டதற்கு நகரம் கொடுத்த விலை அது. 2023 மார்ச்சில் சுமார் 139 கோடி ரூபாயில் புதிய மாடங்கள் கட்டப்பட்டு, கலைஞர் மு. கருணாநிதி பெயரிலான மாடத்தை முதலமைச்சர் திறந்துவைத்தார். இருக்கைகள் சுமார் 38,000 ஆயின. அதே ஆண்டு உலகக் கோப்பையின் ஐந்து ஆட்டங்கள் இங்கே நடந்தன. அடுத்த ஆண்டு ஐபிஎல் இறுதியாட்டமும் வந்தது. உள்ளே போட்ட பணம் பலன் தந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் சுவருக்கு வெளியே? பறக்கும் ரயிலின் சேப்பாக்கம் நிலையத்தில் இறங்கி நடப்பவருக்கு மைதான வாயில்வரை தடையற்ற நடைபாதை கிடையாது. அண்ணா சாலையில் உள்ள அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்திலிருந்து வாலாஜா சாலை வழியே வருபவர்கள், நடைபாதையை அடைத்திருக்கும் மின்பெட்டிகளையும் வண்டிகளையும் தாண்டிச் சாலையில் இறங்கியே வர வேண்டும். ஆட்டச் சீட்டைக் காட்டினால் மெட்ரோவில் கட்டணமில்லாமல் போகலாம் என்ற ஏற்பாடு 2023 முதல் நடப்பில் இருப்பது நல்ல காரியம். ரயிலில் வருவோர் தொகை அதனால் கூடக்கூட, அந்த வழி மட்டும் அப்படியே குறுகலாகக் கிடக்கிறது.

மகளிர் பிரிவைச் சேர்ந்த ஓர் அம்மையார் சொன்னதைக் கேட்டுக் கூட்டம் சற்று அமைதியானது. ஏப்ரலில் ஓர் ஆட்டம் முடிந்த இரவு, நிறைமாதமாக இருந்த அவருடைய மருமகளுக்கு வலி எடுத்தது. கோஷா ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம்தான். ஆனால் ஆட்டோ தெருமுனையைத் தாண்டவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் முன்னே போய் விசிலடித்துக் கூட்டத்தை விலக்க, இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க அந்தப் பெண் நடந்தே போய்ச் சேர்ந்தாள். தாயும் சேயும் நலம். “மேட்ச் வேண்டாம்னு சொல்லலை தம்பி, ஒரு பக்கம் வழி விடுங்கன்னுதான் சொல்றேன்,” என்று அவர் முடித்தார். அன்றிரவு பேசப்பட்டவற்றில் தீர்மானத்தை உருவாக்கியது இந்த ஒரு வாக்கியமே.

அணி வெளியூரில் ஆடினால் என்ன ஆகும் என்பதற்கு நமக்கே நேர்ந்த உதாரணங்கள் உண்டு. 2018-இல் காவிரிப் போராட்டத்தை ஒட்டி ஓர் ஆட்டத்தோடு சென்னையின் உள்ளூர் ஆட்டங்கள் புனேக்கு மாற்றப்பட்டபோது, ரசிகர்களை ஏற்றிக்கொண்டு தனி ரயிலே போனது. அந்த ஆண்டு கோப்பையும் கிடைத்தது. ஆனால் நம் தெருவில் அந்தக் கோடை முழுக்க விற்பனை இல்லாமல் போனதைப் பனியன் கடைக்காரரும் டீக்கடைக்காரர்களும் எடுத்துச்சொன்னார்கள். இந்த ஆண்டும் போர்ச் சூழலால் ஐபிஎல் இடையில் நிறுத்தப்பட்டு மறுபடி தொடங்கியபோது, ராஜஸ்தானுக்கு எதிராக இங்கே நடக்க வேண்டிய ஆட்டம் டெல்லிக்குப் போனது. இந்த ஆண்டு நம் அணி சேப்பாக்கத்தில் ஆடிய ஆறு ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே வென்று, பட்டியலின் கடைசியில் போய் நின்றதால், “சொந்த மைதானத்தால் என்ன சாதகம்?” என்று கேலியாகக் கேட்ட உறுப்பினருக்குப் பதில் சொல்ல அன்று யாரும் முன்வரவில்லை. ஆடுகளத்தைப் பற்றிய அந்த விவாதம் சங்கத்தின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது என்று தலைவர் தீர்ப்பளித்தார்.

நீண்ட விவாதத்துக்குப் பின் பெரும்பான்மையால் நிறைவேறிய தீர்மானத்தின் சாரம் வருமாறு. சென்னை அணியின் ஆட்டங்களும் டெஸ்ட் ஆட்டங்களும் சேப்பாக்கத்திலேயே தொடர வேண்டும். ஆனால் மைதானத்தைச் சுற்றியுள்ள வழிகள் சீராகும்வரை அங்கே ஓர் இருக்கையும் கூட்டப்படக் கூடாது. இனி மைதானத்துக்கென ஒதுக்கப்படும் பணம், அது கிரிக்கெட் சங்கத்தின் பணமாயினும் அரசுப் பணமாயினும், இரண்டு நிலையங்களிலிருந்தும் வாயில்கள் வரையிலான நடைபாதைக்கும், வெளியேறும் வழிகளை அகலப்படுத்துவதற்கும் முதலில் செலவிடப்பட வேண்டும். பெல்ஸ் சாலையில் ஒரு பக்கத்தை ஆட்ட இரவுகளில் மருத்துவ வண்டிகளுக்கும் குடியிருப்போருக்கும் மட்டுமெனத் திறந்து வைக்க வேண்டும். வெற்றி ஊர்வலம், பாராட்டு விழா போன்ற, சீட்டு இல்லாமல் யாரும் வரக்கூடிய நிகழ்ச்சிகளை மைதான வாசலில் நடத்தவே கூடாது. பறக்கும் ரயிலை மெட்ரோவோடு இணைப்பதற்கு ரயில்வே வாரியம் இந்த ஆண்டு கொள்கையளவில் ஒப்புதல் தந்திருப்பதால், சேப்பாக்கம் நிலையத்தைச் சீரமைக்கும்போது மைதானத்தை நோக்கிய வெளிவழி ஒன்றையும் சேர்த்துக் கட்டக் கோருவது என்றும் முடிவாயிற்று. மேன்ஷன்காரர் ஐயா தம் மறுப்பைப் பதிவு செய்யக் கேட்டுக்கொண்டார். குறிப்பேட்டில் அது முழுமையாக எழுதப்பட்டுள்ளது. சீட்டு வருமானத்தில் ஒரு பங்கைத் தெருக்களுக்குக் கேட்க வேண்டும் என்ற திருத்தம் தோற்றது. எனக்கு அதில் வருத்தம் உண்டு; இதைக் கேட்பது பிச்சையாகத் தோன்றும் என்று பேசியவர்களின் வாதம் எனக்கு ஒப்புதலில்லை. விரும்புவோர் இன்றைய பேரவையில் அதை மறுபடி கொண்டுவரலாம்.

தீர்மானத்தின் படிகள் உரிய துறைகளுக்கும் மைதான நிர்வாகத்துக்கும் அனுப்பப்பட்டுள்ளன. இதற்கிடையே பெங்களூரில், நீதிபதி மைக்கேல் டி குன்ஹா தலைமையிலான விசாரணை ஆணையம் சின்னசாமி மைதானம் பெருங்கூட்டங்களுக்குத் தகுதியற்றது என்று அறிக்கை கொடுத்தது. அந்நகரில் நடக்க வேண்டிய மகளிர் உலகக் கோப்பை ஆட்டங்கள் நவி மும்பை உள்ளிட்ட வேறு இடங்களுக்கு மாறின. நவம்பர் 2-ஆம் தேதி நம் பெண்கள் கோப்பை வென்றதும் அந்த நவி மும்பை மைதானத்தில்தான். வரும் பிப்ரவரியில் தொடங்கும் ஆடவர் டி20 உலகக் கோப்பைக்கான ஐந்து இந்திய நகரங்களில் சென்னை இருக்கிறது, பெங்களூரு இல்லை. வாசல் வழியைக் கவனிக்காத ஒரு நகரத்துக்கு நேர்ந்ததை நம் கோரிக்கை மனுவோடு இணைத்திருக்கிறோம்.

உலகக் கோப்பை ஆட்டங்கள் சேப்பாக்கத்துக்கு வரும் நாட்களில், பெல்ஸ் சாலைத் திறப்பு வழியைக் காவல்துறையினரோடு சேர்ந்து கவனிக்கத் தன்னார்வலர்கள் தேவைப்படுகிறார்கள். கோஷா ஆஸ்பத்திரி முனையில் நிற்க ஆட்கள் இன்னும் குறைவாக இருக்கிறார்கள். இளைஞர் பிரிவினர் கூட்டம் முடிந்தவுடன் இணைச் செயலாளரிடம் பெயர் கொடுக்கவும். இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்